ஆள் இல்லாத வட்டம்

குல்சார் பேகம் பேச்சை நிறுத்தினால் விருதுநகரில் அவள் இருக்கும் தெருவில் குக்கர்கூட விசிலடிக்கக் கூசும். கடைசியாக அவள் நிறுத்தியது நாற்பத்தொரு நாள். தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுத்த அவள் புருஷன் முகம்மது இஸ்மாயில், கொழுந்தியாள் பெயரை மேலேயும் பெண்டாட்டி பெயரைக் கீழேயும் போட்டுவிட்டார். அந்த நாற்பத்தொரு நாளும் அவள் வீட்டு ஆட்டிடம் மட்டும்தான் பேசினாள். சோறு தயார் என்றால் ஆடு வந்து இஸ்மாயிலின் கைலியை இழுக்கும். குழம்பில் உப்புக் கூடிப்போன அன்று மட்டும் வராது.

ஐம்பத்தேழு வயதில் இன்னொரு நாற்பத்தொரு நாளைத் தாங்கத் தன் நெஞ்சில் தெம்பில்லை என்று இஸ்மாயிலுக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டார்.

அவருக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை. ஒரு பட்டாசுக் கம்பெனி தன் சரக்கை விற்கும் முந்நூற்றுப் பதினெட்டுக் கடைகளுக்கும் தனித்தனிக் காலண்டர் போட்டுத்தரும். அடியில் வாணவேடிக்கை வானம், அதன்மேல் கம்பெனி முத்திரை, அதன்மேல் கடைப் பெயர், வலது மூலையில் ஒரு வட்டத்துக்குள் கடைக்காரர் முகம். கண்ணாடித்தாள்களை அடுக்கினாற்போல ஒவ்வொன்றும் ஒரு லேயர். போன வருஷம் எல்லாவற்றையும் கையாலேயே மாற்றி மாற்றிப் போட்டதில் கழுத்து வலப்பக்கமே திரும்பி நின்றுவிட்டது. தினமும் பஸ்ஸில் போய்வந்தும், வழியில் வரும் ஆமத்தூருக்கு இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே ஆறு மாதம் மறந்திருந்தார்.

இந்த வருஷம் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அது கடைப் பட்டியலை வாசிக்கும், மாதிரி ஃபைலைத் திறக்கும், பெயரை மாற்றும், அந்தக் கடை நம்பரில் உள்ள போட்டோவைத் தேடியெடுத்து வட்டத்துக்குள் உட்காரவைக்கும், லேயர் கலையாமல் சேமித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகும். பட்டனைத் தட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது முந்நூற்றுப் பதினெட்டும் தயார். டீ மட்டும்தான் கொஞ்சம் சூடு கூடுதலாக இருந்தது.

மாதிரி ஃபைலில் வட்டத்தின் அளவு பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. வெள்ளைப் பின்னணியோடு அவரிடம் இருந்தது குல்சாரின் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றுதான். அதை எடுத்தவர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை அவள் பார்த்த பார்வைதான் அந்தப் போட்டோ. அதற்குப் பிறகு அவர் கட்டடங்களை மட்டுமே படமெடுக்கிறார்.

போட்டோ இல்லாத கடைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஸ்கிரிப்டில் இஸ்மாயில் எழுத மறந்துபோனார். அதுவோ சொன்னதை மட்டும் செய்யும் பிள்ளை. போட்டோ கிடைத்தால் மாற்றும், கிடைக்காவிட்டால் இருக்கிற முகத்தை இருக்கிறபடி விட்டுவிடும். "நாளைக்கு அனுப்புறேன் பாய்" என்று சொன்ன கடைகளில் பதினேழுக்கு இன்னும் நாளை விடியவில்லை.

மிஷின் ஓட்டும் சங்கிலிமுத்து தாளில் அந்த முகத்தைப் பார்க்கத்தான் செய்தார். ஒரே பாயம்மா பதினேழு ஊரில் கடை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பொம்பளையாப் பொறந்து எம்புட்டு முன்னேத்தம் என்று மனசுக்குள் பாராட்டிவிட்டு ஓட்டிவிட்டார். கடைக்கு ஐந்நூறு வீதம் எட்டாயிரத்து ஐந்நூறு குல்சார் லோடு ஏறிப் போனார்கள். தன் வீட்டுச் சுவரில் எந்த உருவப்படமும் மாட்டவிடாதவள் அவள்.

தாயில்பட்டியில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் அய்யம்மாள் போன் பண்ணி, வட்டத்துக்குள் இருக்கிறது யார் என்று கேட்டபோதுதான் இஸ்மாயிலுக்கு விஷயம் தெரிந்தது. ஆடு வந்து கைலியை இழுப்பதுபோலவே இருந்தது அவருக்கு. அது தன் வீட்டுக்காரி என்று ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும்படியும் மாற்றி அடித்துத் தருவதாகவும் கெஞ்சினார்.

அய்யம்மாள் தரமுடியாது என்றார். கடை வாசலில் ஏழு வருஷமாகப் புகைபிடிக்காதே போர்டு தொங்குகிறது, அந்தப் போர்டிலேயே சாய்ந்துகொண்டு பீடி பற்றவைப்பார்கள். காலண்டர் மாட்டிய நாளிலிருந்து ஒருத்தனும் தீக்குச்சியை வெளியே எடுக்கவில்லை.

"நேத்து ஒரு லாரி டிரைவர் குச்சியக் கையில எடுத்துட்டான் பாய். நிமிந்து படத்தப் பாத்தான். தீப்பெட்டிய எங்கிட்டக் குடுத்துட்டு மன்னிச்சுக்கங்கன்னான். எனக்கில்ல, படத்துக்கு."

அய்யம்மாளின் வலது கையில் முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்பு உண்டு. பீடி விஷயத்தில் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. இன்னும் இருபது வேண்டும், சரக்கு வருகிற பட்டாசுக் கம்பெனியிலும் ஒவ்வொரு அறை வாசலிலும் மாட்டணும் என்றார். அந்த வாரத்துக்குள் மற்றப் பதினாறு கடையும் அதையே கேட்டன. சாத்தூரில் ஒருவர் பீடியை மட்டுமல்ல, சீட்டாட்டத்தையும் விட்டுவிட்டதாகத் தகவல்.

இனிமேல் மறைக்க வழியில்லை. ஒரு காலண்டரைச் சுருட்டி, பேப்பரில் பொதிந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பீடியைத் தொடும்போதெல்லாம் பிரிந்துவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார் இஸ்மாயில். குல்சார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் காலண்டரை விரித்துவிட்டு, ஸ்கிரிப்ட் தொட்டு லாரி டிரைவர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மூலையில் படுத்திருந்த ஆடு, தனக்கு வேலை வந்துவிட்டது என்று எழுந்து நின்றது.

"எத்தன அடிச்சீக?"

"எட்டாயிரத்து ஐந்நூறு."

"ஆளில்லாத எடத்துக்கெல்லாம் நாந்தானா?"

இஸ்மாயிலுக்குப் பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "எடம் சும்மாக் கெடந்துச்சு குல்சாரு. ஒன் மொகத்த வச்சாத்தான் எனக்கு அளவு சரியா வந்துச்சு."

கீரைக்காம்பு ஒன்று அவள் விரலுக்குள் வெகுநேரம் ஒடியாமல் கிடந்தது. பிறகு ஒடிந்தது. "போட்டதுதான் போட்டீக, நல்ல போட்டோவாப் போட்டிருக்கப்படாது? பேய் மாதிரி இருக்கேன்."

ஆடு மறுபடி படுத்துக்கொண்டது.

அங்கனயே, முருங்கைக்கீரைக்கு முன்னாலேயே, செல்போனில் பதினோரு படம் எடுத்தார் இஸ்மாயில். பதினொன்றிலும் அவள் சிரித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மொத்தமாகவே அவர் பார்த்திராத அளவுச் சிரிப்பு. வாங்கிப் பார்த்த குல்சார் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் போனைத் திருப்பித் தந்தாள்.

"பளசையே அடிங்க. இதப் பாத்தா எவன் பீடிய அணைப்பான்?"

மறுநாள் மாதிரி ஃபைலைத் திறந்து, பதினோராவது படத்தைப் பழைய முகத்துக்கு அடியில் ஒரு லேயராக வைத்து, பக்கத்திலிருந்த கண் குறியை மூடி அச்சில் விழாமல் மறைத்துவிட்டார் இஸ்மாயில். போட்டோ இல்லாத கடைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வரியை இப்போதும் எழுதவில்லை. கடைகள் கேட்ட கூடுதல் காலண்டருக்காக ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினார். எல்லா ஃபைலிலும் வட்டத்து முகத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது.

சங்கிலிமுத்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பாய், அடியில ஒண்ணு வீணாக் கெடக்கே. ஃபைலு கனக்குது, அளிச்சுரவா?"

"கெடக்கட்டும்லே," என்றார் இஸ்மாயில்.