தூர்க்கத் தூர்க்க ஆழம்

கண்ணாடிக்காரியின் கொல்லைக் குளத்தைத் தூர்ப்பதற்காக அவள் அண்ணன் ஒரு டிப்பர் லாரி ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டினார். மறுநாள் காலையில் குளம் முன்னைவிட ஆழமாகியிருந்தது. அகலம் மாறவில்லை. தண்ணீர் வழியவில்லை. கரையைச் சுற்றிப் பதித்த தட்டைக்கற்களில் ஒன்றுகூட இடம் பெயரவில்லை. முதல் நாள்வரை துணிக்கொடியைத் தாங்குகிற கம்பை உள்ளே விட்டால் பாதிகூட நனையாது. இப்போது கம்பு முழுதாகப் போய், அதைப் பிடித்திருந்த கை முழங்கைவரை நனைந்தும் அடி தட்டுப்படவில்லை. இதைச் சொல்லும்போது அந்தத் தெருக்காரர்கள் குரலை உயர்த்துவதில்லை. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் தாமதம் என்று சொல்கிற குரலிலேயே சொல்வார்கள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். பெயர் அதனால் வந்தது; அவள் கண்ணாடி போட்டதில்லை. ஒரு மழைக்காலத்தில் கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். அங்கே அடி உதை என்று ஒன்றும் இல்லை. எதற்கெடுத்தாலும் அவள் 'பரவாயில்லை' என்று சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வாய்க்குள்ளேயே தேய்ந்து, இனி எடுத்துக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன அன்று கிளம்பிவிட்டாள். பிறந்த வீட்டில் அப்பா அம்மா இல்லை. அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நாள்முழுக்க அழுத்தி அழுத்தி, அந்தக் கால் வண்டிக்கு வெளியேயும் அடங்காததாகிவிட்டது. பிடிக்காத பேச்சு எழுந்தால் வலது கால் தரையை அழுத்தும். பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். தங்கை பெட்டியோடு நின்ற அன்றும் அழுத்தினார். அவள் நிற்காமல் உள்ளே வந்துவிட்டாள். "பின்னால இருக்கற ரூம்ல இருந்துக்கோ. ஆனா எதையும் மாத்தாதே" என்றார்.

அவளும் நெடுநாள் எதையும் மாற்றவில்லை. அம்மா துணி உலர்த்திய இடத்தில் உலர்த்தினாள். அம்மா செருப்பு விட்ட மூலையில் செருப்பு விட்டாள். வேலை விட்டு வந்து அறையில் உட்கார்ந்தால், இரண்டு சுவர் தாண்டி அண்ணி பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்கும். அது ஓய்ந்தபிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஓசையற்ற நேரங்களில்தான், எதையும் மாற்றாமல் ஓர் இடத்தில் இருப்பது என்பது அங்கே இல்லாமல் இருப்பதுதான் என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. கொல்லையில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு அதில் இறங்கினாள். அண்ணன் கவனித்தபோது பள்ளம் இடுப்பளவு ஆகியிருந்தது; அடியில் பழைய கம்பளம் போட்டு, அதன்மேல் கருப்பு ரப்பர் விரிப்பை அவள் சுருக்கம் நீவிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"குளம்."

"எதுக்கு?"

"தண்ணிக்கு."

அவர் கால் அழுத்தியது. அவள் நீவிக்கொண்டே இருந்தாள்.

முதல் முறை அவள் ஒரு தப்பு செய்தாள். வாங்கிய கூழாங்கல்லைக் கழுவாமல் அப்படியே கொட்டிவிட்டாள். கல்லில் ஒட்டியிருந்த தூசி கலங்கி, குளம் வாரக்கணக்கில் ஆறிப்போன டீபோலக் கிடந்தது. வில்லையில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் திருப்பி எடுத்துத் துடைக்கிறவளுக்கு அது தாங்கவில்லை. அத்தனை கல்லையும் வெளியே அள்ளினாள். வாளியில் போட்டு அலசினாள். அலசிய தண்ணீர் ஊற்றினதுபோலவே தெளிவாக வடிகிறவரை மறுபடி மறுபடி அலசினாள். அப்புறம் ஒவ்வொரு கல்லின்மேலும் ஒரு சொட்டு வினிகர் விட்டாள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கெடுத்துவிடும். அதை வேலியோரம் எறிந்தாள். நுரைக்காத கல் உள்ளே போயிற்று: பெரிய உருண்டைக்கற்கள் அடியில், நடுத்தரம் அதன்மேல், செடி வைக்கிற படியில் பட்டாணி அளவுப் பொடிக்கல். ரப்பர் விரிப்பின் ஓரத்தை மறைத்துக் கரைநெடுகத் தட்டைக்கல். இதற்குள் தெரு அவளுக்கு இரண்டாவது பெயர் ஒன்றும் வைத்துவிட்டது: கல்குளிப்பாட்டி. அண்ணி சமையலறை ஜன்னல் வழியாகவே பேசினாள். "ஏம்மா, கல்லுக்கு எண்ணெய் தேய்க்கலையா? வெந்நீர் வேணும்னா சொல்லு, வெச்சுத் தரேன்." கண்ணாடிக்காரி நிமிராமல், "சூடு ஆகாது அண்ணி, பச்சைத்தண்ணியே போதும்" என்றாள். அண்ணிக்கு அதற்கு மேல் கிண்டலைக் கொண்டுபோக இடம் கிடைக்கவில்லை. தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கிருந்தோ சாம்பல்நிறச் சின்ன மீன்கள் வந்து சேர்ந்தன. அவற்றை யார் விட்டது என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளி நன்றாக நடந்தது. அண்ணன் மூன்றாவது காரும் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் கொல்லையைப் பார்த்தார். குளத்தைத் தூர்த்துத் தளம் போட்டால் மூன்றும் நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அண்ணி குடிக்கத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரும் அசையாமல் நின்றபிறகு, "அந்தக் குளம் இருக்கற வரைக்கும் நான் இங்க இருப்பேன் அண்ணே. அது போனா நானும் போயிடறேன்" என்றாள் தங்கை. கோபத்தில் சொல்லவில்லை. தாங்குமா என்று தன் எடையை ஒரு கல்லில் ஏற்றிப் பார்க்கிறவள்போலச் சொன்னாள். அண்ணன் ஒரு தடவை அண்ணியைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

லாரி வந்த அன்று அவள் கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது குளம் இருந்த இடத்தில் சாம்பல்நிற ஜல்லி ஒரு மேடாகக் கிடந்தது, ஈரம்கூடத் தெரியவில்லை. அவள் பார்த்தாள். அழவில்லை. அறைக்குள் போய்ப் பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்து, துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். எங்கே போவது என்று அவளிடம் பதில் இல்லை. கணவன் வீட்டுக்குப் போகமாட்டாள் என்பது மட்டும் தெரியும். விடிந்ததும் பெட்டியோடு கொல்லைவழியாக வெளியேறப் போனவள், மேடு இல்லாததைக் கண்டு பெட்டியைக் கீழே வைத்தாள். குளம் கரைத் தட்டைக்கல் மட்டம்வரை நிறைந்து நின்றது. நேற்றுக் கொட்டிய கூர்ஜல்லி முழுக்க உள்ளே கிடந்தது. ஆனால் ஒரு ஆற்றில் பலகாலம் உருண்டு வந்ததுபோல முனைமழுங்கி, கழுவி, தரம்பிரித்து, பெரியது கீழும் சிறியது மேலுமாக அவள் வைத்திருப்பதைப்போலவே அடுக்கியிருந்தது. மீன்கள் புதிதாகக் கிடைத்த ஆழத்தில் போய்வந்துகொண்டிருந்தன. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், துணிகளைத் திரும்ப அடுக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அண்ணன் ஜல்லிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டாவது லாரியில் கல்லும் தூசியும் பாதிக்குப் பாதியாக வாங்கினார். அது இறுகிக்கொள்ளும் என்று சொன்னார்கள். கொட்டினதும் தெருவே வெள்ளையாகத் தும்மியது. காலையில் தண்ணீர் கண்ணாடிக்கடை ஜன்னல்போல இருந்தது, கொடிக்கம்பின் அடியில் இன்னொரு கம்பைக் கட்டி விட்டாலும் அடி தட்டவில்லை. லாரி ஓட்டுநர் எட்டிப்பார்த்துவிட்டு, "சார், இது குளமா வயிறா?" என்றான். அண்ணனின் கால் கரையில் ஓங்கி அழுத்தியது. குளம் நிற்கவில்லை.

மூன்றாவதாக அவர் இடித்த வீடுகளின் கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். அது மட்டும் வேறுமாதிரி ஆயிற்று. மறுநாள் அந்தக் கட்டிகள் ஒன்றுவிடாமல், கழுவித் துடைத்து, பள்ளியின் மூன்று கார்களின் முன்மூடிமேலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கார்களில் ஒரு கீறல் இல்லை.

"நாய் தூக்கிட்டு வந்திருக்கும்" என்றாள் அண்ணி.

"எந்த நாய்டி கான்கிரீட்டைத் தூக்கும்?"

"அப்போ நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக்காரி அறையிலிருந்து வினிகர் புட்டியைக் கொண்டுவந்து, காரின்மேல் இருந்த ஒரு கட்டியில் ஒரு சொட்டு விட்டாள். அது சீறிக்கொண்டு நுரைத்தது. அவள் புட்டியை மூடிக்கொண்டு போனாள்.

அன்றுமுதல் அவள் மறைந்திருப்பதை விட்டுவிட்டாள். அதுவரை லாரி வருகிற நாளில் கடையிலேயே தங்குகிறவள், அடுத்த லாரி வந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தெருப்பெண்கள் மதில்மேல் முழங்கையூன்றி நின்றார்கள். ஓட்டுநர் பின்பலகையைத் திறக்கப் போகையில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து வந்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த சைஸ் போதும்ப்பா, அடியில நிறைய ஆயிடுச்சு. அடுத்த லோடு பொடிக்கல்லா கொண்டா. செடிப் படிக்குத்தான் பத்தலை."

ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"யாரு நீ சொல்றதுக்கு?"

"யாரு குளத்துக்குக் கல் வாங்கறீங்களோ, அவதான்."

மதில்மேல் யாரோ சிரித்தார்கள். அண்ணி ஜன்னலுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாள் தான் தூர்க்கவில்லை, கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று. "உனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். கேள்வியை மதித்து, உண்மையாகவே உள்ளே போய்த் தேடிப்பார்த்தாள். லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இல்லண்ணே" என்றாள். "இருந்துச்சு. எங்கேயோ போயிடுச்சு. நீங்க கொட்டுங்க."

அவர் அந்த லாரியைத் திருப்பி அனுப்பினார். கார்கள் தெருவிலேயே நின்றன. குளத்துக்குக் கல் வருவது நின்றதும் ஆழமாவதும் நின்றது. அதுவரை ஆனது ஆனதுதான். நகராட்சியிலிருந்து ஒருவர் கயிறு கொண்டுவந்து அளந்தார். கயிறு முடிந்ததும் வேறு கயிறு எடுத்துவரப் போனார், அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டார். ஊர்க்கோடிக் குவாரியின் குன்று ஒருபக்கம் சரிந்து தேய்ந்ததைக் காட்டி, பாதி அந்தக் குளத்தில் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது மிகை. கண்ணாடிக்காரி அறைக்கு ஜன்னல் வைத்தாள், கதவுக்கு வேறு வண்ணம் அடித்தாள், அம்மாவின் செருப்புமூலையில் அலமாரி வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்யும்போது கூடத்தில் ஒரு கால் தரையை அழுத்துகிற சத்தம் கேட்கும். அவள் ஆணியை இன்னொரு தடவை அடிப்பாள். பழைய கணவன் ஒருமுறை வந்து வாசலில் நின்று, நடந்ததை மறந்துவிடலாம், பரவாயில்லை என்றான். அவள் அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் குளத்தைக் காட்டினாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, விடைபெறாமலேயே போனான்.

இப்படி ஆண்டுகள் போயின. அண்ணனுக்கு முடி நரைத்து, பள்ளியை விற்றார். பிரேக் இல்லாத அந்தக் கால் கொஞ்ச காலம் நாற்காலிக்கு அடியில் தேடியது, பிறகு ஓய்ந்தது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது குறைவு. பேசாமல் இருப்பதில் இருந்த கடுப்பு மட்டும் போய்விட்டிருந்தது. ஒரு மாலை அவர் கொல்லைக்கு வந்தார். நடைப்பயிற்சியில் எங்கோ கண்டெடுத்த வெள்ளைக்கல் ஒன்று உள்ளங்கையில் இருந்தது. அதைக் கழுவியே கொண்டுவந்திருந்தார். சட்டைக்கை ஈரமாக இருந்தது.

"இதைப் போடலாமா பாரு."

பாத்ரூம் குழாயில் வெகுநேரம் தண்ணீர் ஓடியதை அவள் கேட்டிருந்தாள். கல்லை வாங்கித் தட்டைக்கல்லின்மேல் வைத்து, புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மெல்லியதாக, கேட்கிற அளவுக்குக்கூட இல்லாமல், நுரைத்தது.

"ஆகாதுண்ணே."

"ஒரே ஒரு கல்லுதானே."

"ஆகாது."

அவர் தலையாட்டினார். வெள்ளைக்கல்லைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் வேறு கல் தேடிக் கிளம்பினார்.