மாத்திரைக்கு ஒரு வாய் டீ

"ரத்தம் ஏறவே இல்ல! இரும்பு மாத்திரைய ஜன்னல் வழியா வீசிட்டியா?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி நர்ஸ் கத்தினாள்.

கட்டிலில் இருந்த கர்ப்பிணி தலை குனிந்தாள். "தவறாம போடறேன்க்கா. வெளிக்குப் போனாக்கூட கறுப்பாதான் போகுது."

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. நர்ஸுக்குச் சுருக்கென்றது. மாத்திரை உள்ளே போனால்தான் அப்படிக் கறுக்கும்.

"அப்ப எதோட முழுங்கற?"

"நீங்க குடுக்கற டீல ஒரு வாய் குடிச்சுதான்."

குமட்டுகிறதே என்று இரக்கப்பட்டு, தன் பிளாஸ்கிலிருந்து தினமும் ஊற்றிக் கொடுத்தது நர்ஸேதான். டீ இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவளும் அவள்தான். இப்போதும் பிளாஸ்க் கையில்தான் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றாள் கர்ப்பிணி. "நாளைலேருந்து டீய ஒரு டம்ளர் முழுசா குடிச்சிடறேன்."