ஒன்பது நாள் யாரும் சொல்லாதது

1.
இந்தக் கதை மலச்சிக்கலில் பிறந்தது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தப்பட மாட்டேன். இருபத்திரண்டு வருஷமாக பசிபிக் கடலின் டோங்கா தீவுகளில் வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். ஒரு மனிதனுக்கு ஒன்பது நாள் வயிறு போகாமல் இருந்ததையும், அதில் என் பங்கையும் எழுதியாக வேண்டும்.

முதல் தொடக்கம்: "கடலோரத் தென்னைகள் காற்றில்…" சீ! அந்த மனிதன், கிதியோனே, படுத்திருந்த அறையிலிருந்து கடலே தெரியாது.

2.
கிதியோனேக்கு அறுபத்தொரு வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில்லை, விழுங்க முடியாது, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். மனைவி செத்துப் பல வருஷம். அக்கா கலோலைனே சமையல்கட்டில் பாலையும் மருந்தையும் கரைத்துக் கொடுப்பாள். பெரியப்பா மகன் லோபெத்தி அதைக் குழாயில் ஊற்றுவான், துடைப்பான், துணி மாற்றுவான்.

எங்கள் ஊரில் அக்கா தங்கை காதுபட எந்த ஆணும் வயிறு, கழிவு என்று வாய் திறக்க மாட்டான், அவர்களும் கேட்க மாட்டார்கள். பெரியப்பா மகன் லோபெத்தியும் கலோலைனேக்குத் தம்பிதான். (இதை நான் மறந்தேனா? நானும் இதே ஊர்க்காரி. அவசரத்தில் இருந்தேன். இந்த வரியை மூன்று முறை அடித்து மறுபடி எழுதியிருக்கிறேன்.)

சீட்டில் நான் எழுதியது: "இளகிப் போனால் மலமிளக்கி சிரப்பை நிறுத்தவும். மூன்று நாள் போகாவிட்டால் எனக்குச் சொல்லவும்." அதைக் கலோலைனே கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன். துணியைப் பார்ப்பவன் லோபெத்தி.

3.
லோபெத்தியை முட்டாளாக எழுதிப் பார்த்தேன், கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவன் முட்டாள் இல்லை. ஏழாம் நாள் துணியெல்லாம் தண்ணீராகக் கசிந்தது. உள்ளே இறுகிக் கிடந்ததைச் சுற்றி வழிந்த கசிவு அது. அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

அவன் நாலு துணியை அலசப் போனதைக் கலோலைனே பார்த்தாள். கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. இளகிவிட்டது என்று தானே முடிவுகட்டி சிரப்பை நிறுத்தினாள். தம்பி இளைத்துப் போகிறானே என்று பாலைக் கூட்டினாள்.

4.
ஒன்பதாம் நாள் காலை போனேன். வயிறு கல்லாக இருந்தது. மூச்சில் கரகரப்பு.

"எத்தனை நாளாச்சு, லோபெத்தி?"

அவன் வாசலைப் பார்த்தான். "அக்கா நிக்கிறாங்க, நர்சம்மா."

"உன் மரியாதையில தீய வைக்க! எத்தனை நாளு?"

கலோலைனே தலை குனிந்து முற்றத்தில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகுதான் அவன் விரல்களைக் காட்டினான். ஒன்பது.

"எனக்குச் சொல்லணும்னு தோணலையாடா?"

"உங்க நம்பர் அக்கா வச்சிருக்கிற சீட்டுல இருக்கு. எதுக்குன்னு சொல்லி வாங்குறது?" அழுதுவிட்டான். "விடியக்காலையில பால் மேல வந்துடுச்சு. பொரை ஏறி நீலமாயிட்டாரு."

கையுறை, எண்ணெய், விரல். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், பிறகு எனிமா. கிதியோனேயின் இடது கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. வயிறு இறங்கியது. நெஞ்சுக்குள் போன பால் இறங்கவில்லை. அன்றிலிருந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

5.
வேறு முடிவுகள்:
(அ) நாலாம் நாளே நான் போகிறேன், கிதியோனே பாதி வாயால் சிரித்து… வேண்டாம். நான் போகவில்லை.
(ஆ) டாக்டர் எழுதியது: நிமோனியா. பொய் இல்லை. இங்கேயே நிறுத்தினால் எல்லோருக்கும் நிம்மதி, எனக்குத்தான் முதலில்.

6.
சாவு வீட்டில் கலோலைனே தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தேவாலயப் பாட்டு. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் காதோரம் கேட்டாள்:

"லவீனியா, அவன் வயித்துல என்னடி இருந்துச்சு? நான் கூட்டிக் குடுத்த பாலாலதான் போனானா?"

எழுபது வயதில், தம்பியின் உடம்பைப் பற்றி அவள் முதன்முதலாகக் கேட்டாள். அதுவும் அவன் முன்னாலேயே.

"இல்லக்கா" என்று எழுதினேன். அவளோடு நானும் தப்பித்துக்கொண்டேன், அடித்துவிட்டேன். "ஆமாக்கா" என்று எழுதினேன். பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது, அதையும் அடித்தேன். "நான்தான் அக்கா, நான் எழுதின சீட்டு…" இதற்கு மேல் பேனா நகரவில்லை.

நான் எழுந்துகொள்கிறேன். பதில் சொல்ல என் இடத்தில் நீங்கள் வந்து உட்காருங்கள். அவள் இப்போது உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.