லார்ட்டர் வீட்டு வாத்துத் தொட்டி

வெதர்கோட் கிராமத்து ஆலயத்தில் நூறு வருஷமாகக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு பீங்கான் கிண்ணத்தில்தான். ஐந்நூறு வருஷத்துப் பழைய ஞானஸ்நானக் கல்தொட்டியை, கட்டடத்தைப் புதுப்பித்தபோது யாரோ வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அது போன இடம் தெரியவில்லை. ஆலயப் பொறுப்பாளர் மார்ஜரிக்கு அதன் அடையாளம் பழைய பதிவேட்டிலிருந்து மனப்பாடம்: எட்டுப் பக்கம், அடியில் நான்கு சிங்கம், ஒன்றுக்கு மூக்கு இல்லை.

1951 மார்ச்சில் வாத்து முட்டை வாங்கக் கிழவர் ஆம்ப்ரோஸ் லார்ட்டரின் பண்ணைக்குப் போனாள். வாத்துகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு எட்டுப் பக்கம். அடியில் அப்பியிருந்த சேற்றைச் செருப்பு நுனியால் தள்ளினாள். மூக்கில்லாத சிங்கம் ஒன்று அவளைப் பார்த்தது.

"ஆம்ப்ரோஸ், இது எங்க ஆலயத்துத் தொட்டி!"

"எங்க தாத்தா காலத்துலருந்து இதுலதான் வாத்து தண்ணி குடிக்குது. வேணும்னா அதுங்ககிட்ட கேட்டுப் பாரு."

மார்ஜரி சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை.

"எங்க பொண்ணு பொறந்து ரெண்டே நாள்தான் உயிரோட இருந்துச்சு. முப்பத்திரெண்டு வருஷமாச்சு. ஞானஸ்நானம் ஆகலன்னு கல்லறைத் தோட்டத்துல இடமில்லன்னுட்டாங்க. வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நானே குழி வெட்டுனேன். தோட்டத்துக் கதவைப் பூட்டிட்டு நின்னது யாரு தெரியுமா? அப்ப ஆலயப் பொறுப்பாளரா இருந்த உங்கப்பா. இப்ப நீ வந்து தொட்டி கேக்குற."

சட்டைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருந்த அப்பா. வழியில் பார்க்கிற குழந்தைகளுக்கெல்லாம் கொடுப்பார். மார்ஜரி முட்டையை மறந்து வீடு திரும்பினாள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், போன வருஷம்தான் ஊருக்கு வந்திருந்த பாஸ்கோ போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தொட்டியைத் தருவாராம்மா?" என்றார் அவர்.

"தொட்டிய விடுங்க ஐயா. அந்தக் குழந்தைக்கு ஜெபம் பண்ணணும்."

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அடக்க ஜெபம் சொல்ல நம்ம ஜெப புஸ்தகத்துல இடமில்லையே."

"வேலிக்கு அந்தப் பக்கம் புஸ்தகமா வந்து பாக்கப் போகுது?"

போதகர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்த ஆம்ப்ரோஸ் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஓகோ, கல்லுக்குப் பேரமா?"

"இல்ல. கல்லு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் மார்ஜரி. "எங்கப்பா செஞ்சது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கிழவர் கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஐவி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"தள்ளுங்க, நான் போறேன். நீங்களும் தொப்பிய எடுத்துட்டு வாங்க."

வேலிக்கு வெளியே முள்ளுச் செடிகளுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு. அதைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். போதகர் மெதுவாகக் கேட்டார்: "குழந்தை பேரு?"

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார்.

"ஹெஸ்டர்" என்றாள் ஐவி.

கிழவர் திரும்பினார். "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"நீங்க கேக்கவே இல்லையே."

போதகர் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஆம்ப்ரோஸ் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கியபடி நின்றார். முடிந்ததும் ஐவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தொட்டியைப் பற்றி மார்ஜரி வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஆலய வாசலில் லார்ட்டர் வீட்டு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் வைக்கோல் மெத்தைமேல் தொட்டி.

"வாத்துங்களுக்குப் பழைய குளியல் தொட்டி ஒண்ணு போட்டேன்" என்றார் ஆம்ப்ரோஸ், யாரையும் பார்க்காமல். "அதுதான் அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்லு சும்மா கிடக்குது."

ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஐவி வாளியும் பிரஷுமாக மண்டி போட்டு உட்கார்ந்து, சிங்கங்களின் பிடரியில் ஊறியிருந்த பாசியைத் தேய்க்கத் தொடங்கினாள். மார்ஜரியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிரஷ் எடுத்தாள்.

"அடுத்து யாரு குழந்தை?" என்றாள் ஐவி, கையை நிறுத்தாமல்.

"தபால்காரர் வீட்டுல. ஜூன்ல."

"தண்ணிய லேசா சுடவச்சு ஊத்தச் சொல்லு. கல்லு ரொம்ப ஜில்லுனு இருக்கு."