எட்டாவது பலூன்

ஏழாவது பலூனும் வெடித்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கேட்டாள், "நெஜ்லாக்கா, யாருக்குப் பிறந்தநாள்?"

"எங்க வீட்டுத் தாடிக்கு!" முகத்தில் தெறித்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டே கத்தினாள் நெஜ்லா.

அவள் புருஷன் ரிஃபாத், துருக்கியின் ஆன்டெப் நகரத்தில் நாற்பது வருஷம் சவரக்கடை நடத்தியவர். பக்கவாதம் வலது கையைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. மனுஷன் வாசல் தாண்டவில்லை. அவரிடமே தொழில் கற்ற எதிர்க்கடை ஓர்ஹான், வந்து மழித்துவிடுவதாகச் சொல்லியனுப்பினான். அதற்கு இவர் சொன்ன பதிலை எழுத முடியாது. விடிந்தால் பெருநாள். மழிக்காத மூஞ்சியோடு சவரக்காரன் தொழுகைக்குப் போவதாவது என்று ஒரே முரண்டு. கடைசியில், நானே மழிக்கிறேன் என்ற அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: "நுரை பூசின ஒரு பலூனை வெடிக்காம முழுசா மழிச்சுக் காட்டு. அப்புறம் என் கழுத்தைத் தர்றேன்."

எட்டாவது பலூன் பிழைத்தது.

கத்தியைத் தோல்வாரில் தீட்டினாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கத்தினார். "நிறுத்து! கத்தியோட கூர்வாயை உருட்டுறே, மழுங்கிடும். கத்தி முதுகு மேல திருப்பு."

"கண்ணை மூடிக்கிட்டே எப்படிங்க தெரியுது?"

"காது நல்லாத்தானே இருக்கு."

அவர் பிடித்துக் காட்டிய ஒற்றை முடி, கத்தி பட்டதும் சத்தமில்லாமல் விழுந்தது. நுரை பூசி, கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். தொண்டைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"கை நடுங்குதுங்க."

"உனக்காவது நடுங்குது. எனக்கு அதுவும் இல்ல."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து முடித்தபோது நடுக்கம் நின்றிருந்தது. தொண்டை தப்பியது. ஆனால் உதட்டுக்குக் கீழே கத்தி பட்டு ஒரு பொட்டு ரத்தம். ஒரு கீறலுக்காகக் கடை ஆளையே வெளியே அனுப்பியவர் அவர். கத்தியை விலக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"படிகாரத்தைத் தேய்," என்றார், அவ்வளவுதான்.

காலையில் தொழுகை முடிந்து வந்த ரிஃபாத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஓர்ஹான் கடை வாசலில் நான்கைந்து பேர்.

"பெருநாள் வாழ்த்து, உஸ்தாத்! யாரு கைவேலை? கீறியிருக்கே?" என்று தன் குருவைக் கேட்டான் ஓர்ஹான்.

"எங்க வீட்டம்மா. முதல் நாள், ஒரே கீறல். உன் முதல் நாள் ஸாகிர் ஹாஜியோட காது என்னாச்சுன்னு சொல்லவா?"

தெருவே சிரித்தது. நெஜ்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாரு," என்று ரிஃபாத் கன்னத்தை நீட்டினார்.

ஓர்ஹான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாடையிலிருந்து காது வரை முடிக்கு எதிர்ப்பக்கமாகத் தடவினான். ஒரு முடிகூடக் கையில் உறுத்தவில்லை. இன்னொரு முறை தடவினான்.