கொஞ்சம் என்றால் எவ்வளவு

முயலுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். எது வாங்கி வந்தாலும் அது ஒருமுறை மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே போக முடியும். அந்த மேனேஜர் இப்போது கால்நடை மருத்துவரின் மேஜைமேல் காதை மடக்கி ஒடுங்கிக் கிடந்தது.

"முதுகுல பொடுகு மாதிரி உதிருது டாக்டர்," என்றாள் அண்ணி. "பொடுகு நடக்குதுன்னா இவ, என் நாத்தனா. சிரிப்பா சிரிச்சேன்."

சுவரோரம் நின்ற நாத்தனார்காரி சிரிக்கவில்லை. வேலை போய் அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. "உங்க தங்கச்சி எப்பத்தான் கிளம்புவா?" என்று அண்ணி அண்ணனிடம் கேட்டது நேற்று அவள் காதில் விழுந்திருந்தது.

மருத்துவர் ஒட்டுநாடாவால் செதிலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "நடக்கத்தான் செய்யுது. பொடிப்பூச்சி. ஊசியில சரியாயிடும். ஆனா தீனி தொடலைங்கிறீங்களே, இந்தப் பூச்சிக்கு இவ்வளவு சுணங்காதே. வேற மருந்து எதாச்சும் போட்டீங்களா?"

"எண்ணெய்கூட வைக்கலை. என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்க."

காலையில் அண்ணி தையல்கடைக்குப் போனதும், பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கியதில் மிச்சமிருந்த உண்ணி மருந்தைக் கேட்டு வாங்கி வந்தவள் நாத்தனார்காரிதான். அண்ணி திரும்பி வருவதற்குள் பூச்சி போயிருந்தால், வாய்நிறைய ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்ற ஆசை.

மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றினார். முயலின் பின்னங்கால் வெட்டி இழுத்தது.

"குத்தாதீங்க டாக்டர்!" சுவரோரம் இருந்து நாத்தனார்காரி கத்தினாள். "காலைல நான்தான்... நாய்க்குப் போடுற உண்ணி மருந்து... கொஞ்சம் போட்டேன்."

"நாய் மருந்தா? அதுல சிலது முயலுக்கு விஷம்மா! கொஞ்சம்னா?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா எவ்வளவு? ரெண்டு சொட்டா, நாலு சொட்டா?"

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முழுக் குழாயும். பெரிய நாய்க்கு உள்ளது."

ஊசி தட்டுக்குப் போனது. "வெதுவெதுன்னு தண்ணி, சோப்பு, சீக்கிரம்!" என்று மருத்துவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "போட்ட இடத்தை மட்டும் அலசணும். முழுசா நனைச்சா பயத்துலயே செத்துரும்."

"நின்னு வேடிக்கை பாக்காதே, வா இங்க," என்றாள் அண்ணி. "எங்கன்னு உனக்குத்தானே தெரியும்? காட்டு."

பிடரியில் பிசுபிசுத்த இடத்தை அவள் விரலால் விலக்கிக் காட்டினாள். அண்ணி நுரையை வைத்துத் தேய்த்தாள். இரண்டு பேர் கைக்குள்ளும் முயலின் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்," என்றார் மருத்துவர். "பிழைக்கும்னு இப்போ சொல்ல மாட்டேன். இப்பவாவது சொன்னாங்களே."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கறேன்," என்றாள்.

"சரி அண்ணி," என்றாள் இவள், அவசரமாக.