மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே

ஐந்தரை மணிக்கே தர்மவதி சோறு வடித்து இறக்கிவிட்டாள். அவர்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை படாது. ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த அவள் கணவர் தன்யகுமார் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார்.

வாசலில் பைக் வந்து நின்றது. கடன் வசூலிக்கும் புகழேந்தி.

"அண்ணே, மூணு டியூ பாக்கி. துட்டு வாங்காம வரக்கூடாதுன்னு ஆர்டர்," என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முதல்ல ஒரு வாய் சாப்பிடு தம்பி."

"கடன் வாங்குன பார்ட்டி வீட்ல தண்ணிகூட குடிக்கக் கூடாதுண்ணே."

வந்தவன் வாசலில் பசியோடு இருக்க, உள்ளே சாப்பிட அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது. தன்யகுமார் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

ஆட்டோவுக்குக் கடன் கொடுத்தது உள்ளூர் வங்கிதான். பௌர்ணமிக் கிரிவலத்தில்தான் ஆட்டோக்காரன் கையில் காசு புரளும் என்று அந்த மேனேஜருக்குத் தெரியும். நாலு நாள் பொறுப்பார். அப்புறம் பெரிய முதலாளிகள் சிலர் கோடிக்கணக்கில் வாங்கிவிட்டுக் கையை விரித்தார்கள். வங்கியே சாய்ந்தது. நம் வரிப்பணத்தைக் கொட்டி அரசாங்கம் அதை நிமிர்த்தியது. முதலாளிகளுக்குத் தள்ளுபடி. தன்யகுமாரின் கடனோ ஆயிரம் சில்லறைக் கடன்களோடு மூட்டை கட்டி ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பௌர்ணமியாவது, அமாவாசையாவது! ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான்.

"பௌர்ணமிக்கு மூணே நாள் தம்பி. கட்டிடறேன்."

"என் கையில இல்லண்ணே. இன்னைக்கு கட்டலைன்னா வண்டிய தூக்கிடுவாங்க. என் வேலையும் போயிடும்."

வண்டி போனால் பிழைப்பே போச்சு. தன்யகுமார் கைமாற்றுக் கேட்டு நாலு வீடு ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பினார். அதற்குள் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்ட, கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்தார்.

தர்மவதி சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, வெளியே கவிந்த இருட்டைக் கண்ணால் காட்டினார்.

"குடிங்க! அந்தப் பாவம் எனக்கே வரட்டும்!" அழுதுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பிறகு புகழேந்தியிடம் திரும்பினாள்.

"மாத்திரை போட்டுட்டு சோத்துக்கு உட்கார்ந்தாருப்பா. உடனே சாப்பிடலைன்னா சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துடும். நீ பசியோட இருக்கன்னு எழுந்து வந்தாரு. பொழுது போயிட்டா நாங்க சாப்பிட மாட்டோம். தெரியாதா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்தான். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது.

போன் அடித்தது. அவனுடைய அதிகாரி. "துட்டு வந்துச்சா? இல்லைன்னா வண்டிச் சாவிய வாங்கிட்டு வா."

"வாங்க மாட்டேன் சார்." புகழேந்தி வாசற்படியிலிருந்து எழுந்தான். "வேலைய விட்டு தூக்கினாலும் சரி. பேங்க் விழுந்தப்ப தூக்கி நிறுத்த இவங்க வரிப்பணம் வேணும். இவங்க விழுந்தா தூக்க ஒரு ஆள் இல்ல. இது என்ன நியாயம் சார்? பேங்க்குக்கு வருஷக்கணக்குல டைம் கிடைச்சுது. இந்த மனுஷனுக்கு ஒரு வாய் சோறு திங்கிற நேரத்தக்கூட நான் கொடுக்கலையே!"